வக்கீலா கனடா போறீங்களா? பழைய டிகிரியையும் சேர்த்து அனுப்புங்க, 33 பாயின்ட்!

வணக்கம் மக்களே. இன்னைக்கு கோவத்தோடதான் உட்கார்ந்திருக்கேன். இந்த வாரம் ஃபோனைத் திறந்தாலே ஒரு விளம்பரம். "பி.எல். முடிச்சிருக்கீங்களா? ஆறே மாசத்துல கனடா பி.ஆர்., இறங்கின உடனே வக்கீல் வேலை." பி.ஆர்.னா அங்க நிரந்தரமா தங்குற உரிமை, அது வேற, ப்ராக்டிஸ் வேறன்னு நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்க இதை நம்பிப் பணம் கட்டுறாங்களே, அதான் தாங்க முடியல.

வழக்கம்போல போர்டுல நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் இமிக்ரேஷன், வலது பக்கம் லைசென்ஸ். இமிக்ரேஷனுக்கு ஈ.சி.ஏ. ரிப்போர்ட் வேணும், அதாவது நம்ம படிப்பு கனடாவுல எதுக்குச் சமம்னு சொல்ற மதிப்பீடு, அதை டபிள்யூ.ஈ.எஸ். மாதிரி அமைப்புகிட்ட வாங்குவோம். லைசென்ஸுக்கு என்.சி.ஏ., அதாவது வக்கீல்களுக்கு லைசென்ஸ் தர்ற கனடா லா சொசைட்டிகளோட கூட்டமைப்பு நடத்துற மதிப்பீட்டுக் குழு. ஒரு பக்கத்து ரிப்போர்ட் மறுபக்கம் செல்லாது. கியூபெக் இந்தக் கணக்குலயே வராது, அங்க சிவில் லா, தனி வழி.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். பி.காம். முடிச்சுட்டு மூணு வருஷ லா படிச்சவங்க நல்லாக் கேளுங்க. நிறைய பேர் லா டிகிரியை மட்டும் மதிப்பீட்டுக்கு அனுப்புறாங்க. "வக்கீல் வேலைக்கு பி.காம். எதுக்கு?"ன்னு நினைப்பு. அனுப்புங்க! பி.ஆர்.க்கு ஆளைத் தேர்ந்தெடுக்க எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு முறை, அதுல பாயின்ட் போட்டுத்தான் வரிசைப்படுத்துவாங்க. தனி ஆளா அப்ளை பண்றவங்களுக்கு ஒரு பேச்சலர் டிகிரின்னா 120 பாயின்ட். ரெண்டு பட்டம், அதுல ஒன்னு மூணு வருஷம் அல்லது அதுக்கு மேலன்னா 128. வெறும் எட்டுதானேன்னு விட்டுடாதீங்க. படிப்பையும் இங்கிலீஷையும் சேர்த்துத் தர்ற பாயின்ட் தனியா இருக்கு. ஒரு டிகிரிக்கு 25, ரெண்டு இருந்தா 50. எட்டும் இருபத்தஞ்சும் சேர்ந்து 33. வயசுக்குத் தர்ற பாயின்ட்ல 29 வயசுக்காரருக்கு 110, 35 வயசுக்காரருக்கு 77. அதே 33! ஆறு வயசு குறைஞ்ச மாதிரி ஆகுது. பீரோவுல தூங்குற பி.காம். சர்டிஃபிகேட் இதைச் செய்யுது. அஞ்சு வருஷ கோர்ஸ்காரங்க கையில ஒரே பட்டம்தான், அதனால இது மூணு வருஷக்காரங்களுக்கான வழி.

ஆங், ஒன்னு விட்டுட்டேன். அந்த 50 முழுசா வரணும்னா சி.எல்.பி. 9 வேணும், அது கனடாவோட மொழித்திறன் அளவுகோல். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஜெனரல்ல லிசனிங் 8, மத்த மூணும் 7. லிசனிங்ல 7.5 வந்தாக்கூட 50 இருபத்தஞ்சா இறங்கிடும். அதனால லிசனிங்குக்கு உட்கார்ந்து பயிற்சி எடுங்க.

டிரான்ஸ்கிரிப்ட் காலேஜ்ல வாங்குறது இல்ல, யூனிவர்சிட்டிதான் நேரடியா அனுப்பணும். பி.காம். மெட்ராஸ் யூனிவர்சிட்டி, லா அம்பேத்கர் சட்டப் பல்கலைன்னா ரெண்டு இடத்துலயும் தனித்தனியா மனு போடணும். லா யூனிவர்சிட்டில கேக்கும்போதே ரெண்டு செட்டுக்குப் பணம் கட்டிடுங்க, ஒன்னு ஈ.சி.ஏ.வுக்கு, ஒன்னு என்.சி.ஏ.வுக்கு. இன்னொரு தடவை அதே கவுன்ட்டர்ல நிக்க வேண்டாம். அப்புறம் நம்ம ஊர் இனிஷியல். டிகிரில "எஸ். குமார்", பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேமா இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரி முன்னாடி ஒரு அஃபிடவிட் போட்டு முன்கூட்டியே வெச்சுக்கோங்க.

வலது பக்கம் வருவோம். என்.சி.ஏ. உங்க படிப்பைப் பாத்து எழுத வேண்டிய பாடங்களைச் சொல்லும். அரசியல் சாசனம், நிர்வாகச் சட்டம், கிரிமினல், கனடா சட்ட அடிப்படைகள், தொழில் நெறி, இந்த அஞ்சும் கனடா பாடமாவே முடிச்சாகணும். கான்ட்ராக்ட், டார்ட்ஸ், ப்ராப்பர்ட்டி பாடங்களும் கூடச் சேரலாம். 2022ல இருந்து லீகல் ரிசர்ச் அண்ட் ரைட்டிங்கும் உண்டு. பரீட்சை ஒவ்வொன்னும் மூணு மணி நேரம், பாஸ் மார்க் 50. ஆன்லைன்ல நடக்குது, சென்னையில உட்கார்ந்தே எழுதலாம். அதனால பி.ஆர். வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ரெண்டு பக்கமும் ஒன்னா நகரணும்.

புத்தகம் வெச்சுக்கிட்டு எழுதுற பரீட்சை, ஆனா தேடிக்கிட்டிருக்க நேரம் கிடையாது. ஒரு சம்பவத்தைக் கொடுத்துப் பிரச்சினை என்ன, சட்டம் என்ன, இதுக்கு எப்படிப் பொருந்துது, முடிவு என்னன்னு கேப்பாங்க. நம்ம ஊர் மாதிரி சட்டத்தை மட்டும் பக்கம் பக்கமா எழுதினா மார்க் விழாது. பழைய நோட்ஸும் வாங்காதீங்க. நிர்வாகச் சட்டத்துல 2008 டன்ஸ்முயர் தீர்ப்பை அடிப்படையா வெச்ச நோட்ஸ் இன்னும் சுத்துது. 2019ல வாவிலோவ் தீர்ப்பு வந்து ஜுடீஷியல் ரிவ்யூ, அதாவது அரசு அமைப்புகளோட முடிவைக் கோர்ட் ஆராயுற அணுகுமுறையையே மாத்திடுச்சு. சாசனப் பாடத்துல, உரிமையை அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம்னு சொல்ற 1986 ஓக்ஸ் தீர்ப்பு நமக்குப் பழகினதாவே இருக்கும். நம்ம சுப்ரீம் கோர்ட் 2016ல மாடர்ன் டென்டல் காலேஜ் வழக்குல அதை எடுத்துப் பேசியிருக்கு.

என்.சி.ஏ. சர்டிஃபிகேட் வந்தப்புறம் மாகாண லா சொசைட்டி. ஒன்டாரியோன்னா பாரிஸ்டர், சொலிசிட்டர்னு ரெண்டு பரீட்சை, அப்புறம் ஆர்ட்டிக்ளிங், அதாவது ஒரு வக்கீல்கிட்ட எடுக்குற வேலைப் பயிற்சி. இதை யாரும் சொல்றதில்ல: காமன் லா நாட்டுல குறைஞ்சது 10 மாசம் ப்ராக்டிஸ் பண்ணியிருந்தா ஆர்ட்டிக்ளிங்ல இருந்து விலக்கு கேக்கலாம். இந்தியா காமன் லா நாடுதான்!

ஐயோ, இடது பக்கத்துல முக்கியமான ஒன்னு பாக்கி. வேலை அனுபவத்துக்கு ஆதாரம். சீனியர்கிட்ட கையில காசு வாங்கின ஜூனியருக்கு சம்பள ஸ்லிப் இருக்காது. தனியா ப்ராக்டிஸ் பண்றவங்க, "நான் இந்த வேலையெல்லாம் செஞ்சேன்"னு தானே எழுதிக் கொடுத்தா ஏத்துக்க மாட்டாங்க. கட்சிக்காரங்க கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், இதெல்லாம் வேணும். வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் போடுங்க. இந்த வருஷத்துக்கு இன்னும் போடலைன்னா இப்பவே ஆடிட்டருக்கு ஃபோன் பண்ணிடுங்க.