ஒரு கோட்டுக்கு ஓர் எண்

நண்பர்களே, சுருக்கெழுத்து என்றதும் இங்கே பலருக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த பிட்மன்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது 1860இல் பிரான்சில் எமீல் துப்ளோயே வகுத்த முறையைப் பற்றி. பிட்மனில் ஒரே கோட்டை மெல்ல இழுத்தால் 'பம்பரம்' என்பதன் முதல் ப, அழுத்தி இழுத்தால் இரண்டாவது ப. துப்ளோயேவில் அழுத்தம் கிடையாது, கோடு குட்டையா நீளமா என்பதுதான் கணக்கு.

அந்தக் கோடுகள் கனடாவுக்குப் போயின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சினூக் என்ற கலப்பு மொழி பல பழங்குடிகளுக்கும் பொதுவாக இருந்தது, அதை எழுத லெ ஜன் பாதிரியார் இந்தச் சுருக்கெழுத்தைச் சொல்லிக்கொடுத்தார், 1891இல் 'காம்லூப்ஸ் வாவா' என்று பத்திரிகையே தொடங்கினார். வாவா என்றால் பேச்சு. மக்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, கடிதம் எழுதிக்கொண்டார்கள். நிருபரின் அவசரக் குறிப்புக்கென்று பிறந்தது, ஒரு சமூகத்தின் எழுத்தாகவே ஆகிவிட்டது! அதனால்தான் இதைப் படமாக ஸ்கேன் செய்து வைத்தால் மட்டும் போதாது என்கிறேன். படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாதே.

சரி, கணினியில் ஏற்றுவதில் என்ன சிக்கல்? 'அ' ஒரு சிறு வட்டம். பக்கத்துக் கோடு எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பார்த்து வட்டம் இடத்தை மாற்றிக்கொள்ளும், வேறு சில உயிரெழுத்துகள் திரும்பியே நிற்கும். கணினி எழுத்தை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு கோலத்துக்கும் தனி எண் கொடுத்தால் அதற்கு முடிவே இருக்காது. நம் 'கெ'யைப் பாருங்கள், கணினிக்குள் முதலில் க, அப்புறம்தான் எகரக் குறி, கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவின் வேலை. அதே வழியைத்தான் இங்கேயும் பிடித்தார்கள்: எழுத்துக்கு ஓர் எண், வளைப்பதும் திருப்பிச் சேர்ப்பதும் எழுத்துருவின் பாடு. உலக எழுத்துகளுக்கெல்லாம் இப்படி எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. 2014இல் வந்த அதன் 7.0 பதிப்பில் இப்படி 143 குறிகள் இடம்பிடித்தன. ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை ஏற்றவும், ஒரு படி மேலேயோ கீழேயோ தள்ளி எழுதவும், கண்ணுக்குத் தெரியாத 4 கட்டுப்பாட்டுக் குறிகள் தனியாகச் சேர்ந்தன. பிட்மனுக்கு இன்னும் இடம் இல்லை.

இந்த எழுத்துக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'சினூக் பிபா'. பிபா என்றால் காகிதம், எழுத்து. ப, இ, ப, அ என்று நான்கு எண்களைத் தட்டிப் பார்த்தேன். எழுத்துரு இல்லாதபோது நான்கு வெற்றுக் கட்டங்கள். நோட்டோ துப்ளோயன் எழுத்துருவை நிறுவியதும் நான்கும் கை எடுக்காமல் இழுத்த ஒரே கோடாகச் சேர்ந்துகொண்டன.