சளிப்பூஞ்சைக்கு ஓர் உறைபெட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்பு பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட துறைத்தலைவர் அவர்களே, கைபேசியை அணைத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அணைக்காமல் பின்வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். தம் அடுத்த கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் துணைவேந்தருக்குத் தனியாக இன்னொரு வணக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். வளர்ச்சி தடுமாறும் சளிப்பூஞ்சையில் எந்த மரபணு பழுது என்று பிடிப்பது எப்படி என்பது முதலாவது. அதனால் மருத்துவத்துக்கு என்ன லாபம் என்பது இரண்டாவது. அந்தப் பழுதுபட்ட ரகங்களை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பது மூன்றாவது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். நம் துரும்பு டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்னும் சளிப்பூஞ்சை, ஒற்றைச் செல் அமீபாக்களாக மண்ணில் வாழ்வது. 1933இல் அமெரிக்காவின் வட கரோலினா காட்டு இலைக்குப்பையிலிருந்து கென்னத் ரேப்பர் பிரித்தெடுத்தது. பாக்டீரியா கிடைக்கும் வரை ஒவ்வோர் அமீபாவும் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு திரியும். தீனி தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் வேதிப்பொருளைக் கசியவிட்டு ஒன்றையொன்று கூப்பிடும். ஒரு லட்சம் வரை கூடி, புழுவாக ஊர்ந்து, 24 மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்கும். கீழே காம்பு, உச்சியில் வித்துக் குண்டு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காம்பாகிச் செத்துப்போகும், மற்றவை வித்தாகிப் பிழைக்கும்.

மரபணு பழுதாகித் திடீர்மாற்றம் அடைந்தவற்றில் சில ஒன்றுசேரவே செய்யாது, வளர்ப்புத் தட்டு வழவழவென்று கிடக்கும். சில, குவியலோடு நின்றுவிடும். சில, நிமிராமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். சரி, பழுது எந்தக் குரோமோசோமில்? ஆண் பெண் கலப்பு செய்து பார்க்கலாம் என்றால், பாலினக் கலப்பில் வரும் கூடுகள் ஆய்வகத்தில் லேசில் முளைப்பதில்லை. அதனால் ஒரு குறுக்கு வழி. 27 டிகிரி செல்சியஸில் வளர முடியாத இரண்டு ரகங்களை (ஒன்றில் நாம் தேடும் வளர்ச்சிப் பழுதும் இருக்கும்), வெவ்வேறு மரபணுவில் பழுதானவையாகப் பார்த்து, ஒன்றாகக் கலந்து அதே 27 டிகிரியில் வைப்பார்கள். எப்போதோ இரண்டு செல்கள் இணைந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அந்த இரட்டைச் செல் மட்டும் வளரும். பிறகு அது இரட்டையாக இருக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக உதறி, மறுபடி ஒற்றைத் தொகுதிக்கு வரும். எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று முன்பே தெரிந்த, மருந்தைத் தாங்கும் குணம் போன்ற அடையாளங்களில் எது நம் பழுதோடு எப்போதும் சேர்ந்தே வருகிறதோ, அது இருக்கும் குரோமோசோமில்தான் பழுதும் இருக்கிறது. ஆனால் தெரு தெரிந்ததே தவிர, வீட்டு எண் தெரியவில்லை.

வீட்டு எண் 1992இல் கிடைத்தது. ஆடம் குஸ்பாவும் வில்லியம் லூமிஸும் டிஎன்ஏவை வெட்டும் நொதியோடு ஒரு டிஎன்ஏ துண்டைச் செல்லுக்குள் செலுத்தினார்கள். அது போய்ச் செருகிய மரபணு கெடும். செருகிய துண்டைப் பிடித்து இழுத்தால் கெட்ட மரபணுவும் கூடவே வரும்.

இந்த முறையில் அகப்பட்ட ஒரு மோசக்காரனைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. திடீர்மாற்ற ரகங்களை மொத்தமாக வளரவிட்டு, வித்துகளை மட்டும் எடுத்து மறுபடி வளர்ப்பது, மறுபடி வித்தை எடுப்பது என்று ஓர் ஆய்வுக்குழு தொடர்ந்து செய்தது. காம்பில் சாக மறுக்கிறவன் கடைசியில் மாட்டத்தானே வேண்டும்? மாட்டினான். 'சீட்டர் ஏ' என்றே பெயர் வைத்தார்கள். நல்ல செல்களோடு கலந்துவிட்டால் இவன் உச்சிக்குப் போய் வித்தாகிவிடுவான். வித்தாகத் தொடங்கியிருந்த நல்ல செல்களும் காம்புப் பக்கம் ஒதுங்க வேண்டியதுதான். (பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். யாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன்.) சரி, எல்லாரும் மோசக்காரர்களானால்? தனியே வளர்த்தால் இவனால் காம்பை ஒழுங்காக எழுப்ப முடியவில்லை! இத்தனைக்கும் கெட்டது ஒரே ஒரு மரபணு, வேண்டாத புரதங்களை அழிவுக்கு அனுப்பும் வகைப் புரதத்துக்கானது. 2000இல் இது வெளியானது. சிறு துரும்பு என்றேனே, பல்லை எப்படிக் குத்துகிறது பாருங்கள்.

இரண்டாவது செய்தியான மருத்துவ லாபத்தைத் தலைவர் இன்னொரு நாள் பேச அனுமதிப்பார் என்று நம்புகிறேன், மணியைப் பார்க்கிறார். மூன்றாவதை விடமாட்டேன்.

நல்ல வித்தைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைத்தால் பல ஆண்டு கிடக்கும். ஆனால் வளர்ச்சி கெட்டவற்றில் பல வித்தே தருவதில்லையே! அவற்றை அமீபாவாகவே உறைய வைத்தாக வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் புதுப் பழுதுகள் சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு உறைபெட்டி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. திறந்தபோது குழாய்களில் தண்ணீர்தான் இருந்தது, குழாய்களின் மேல் எழுதிய பெயர்களும் அழிந்திருந்தன. 2005இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியாகிவிட்டது. சுமார் 3.4 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 12,500 மரபணுக்கள். எந்தக் குரோமோசோம் என்பதோடு நின்றுபோன பழைய ரகத்தை இன்று முழுதாகப் படித்து, எந்த எழுத்து பிசகியது என்று தேட முடியும். ரகம் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். துரும்பையே தூக்கிப் போட்டுவிட்டால் எதைக் கொண்டு குத்துவது?

துணைவேந்தர் அவர்களே, இப்போது அந்தத் தனி வணக்கத்துக்கு வருகிறேன். மின்தடையைத் தாங்கும் ஓர் உறைபெட்டி, அதற்குப் பொறுப்பாக ஒருவர், ஓய்வு பெறும் ஒவ்வொருவரும் ரகங்களைப் பட்டியலிட்டு, இன்னொரு படியைப் பொதுச் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டே விடைபெற வேண்டும் என்ற ஒரு விதி. விண்ணப்பம் தயாராக இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் கையில் தருகிறேன். பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.