பூட்டிய அறையில் சிக்கிய கொலஸ்ட்ரால்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மருத்துவமனைப் பணிகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை நல மருத்துவப் பேராசிரியர் அவர்களே, மாணவ மாணவியரை இரண்டு பேருந்துகளில் அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றி அளித்த வணிகப் பெரியோர்களே, அறிவியல் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் அவர்கள் இரத்தக் கொழுப்பையும் மாரடைப்பையும் பற்றித் தெளிவாக எடுத்துரைத்துவிட்டமையால், அவர் நிறுத்திய இடமாகிய செல்லின் வாசலிலிருந்து நான் தொடங்குகிறேன். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன். உள்ளே வந்த கொலஸ்ட்ரால், செல்லின் சிதைப்பறையாகிய லைசோசோமை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பது முதலாவது. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் செல் எப்படி அறிகிறது என்பது இரண்டாவது. ஹார்மோன் செய்வதற்காக அது செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எப்படிச் செல்கிறது என்பது மூன்றாவது.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. செல்லின் உட்புறமோ பெரும்பாலும் நீர். ஆகவே அது தானாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மிதந்து போக வழியில்லை. யாரேனும் ஏந்திச் செல்ல வேண்டும். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகளைச் செல் தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதை டல்லஸ் நகரில் கண்டறிந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தத் துகள் லைசோசோமில் சிதைக்கப்பட்டு, கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு கட்டியிருக்கும் எஸ்டர் பிணைப்புகள் வெட்டப்பட்டு, கொலஸ்ட்ரால் தனித்து நிற்கிறது. அங்கே என்.பி.சி.2 என்னும் சிறிய புரதம் அதன் வால்பகுதியைத் தன்னுள் பொதிந்துகொண்டு, லைசோசோமின் சவ்வில் ஊன்றியிருக்கும் என்.பி.சி.1 என்னும் பெரிய புரதத்திடம் ஒப்படைக்கிறது. பின்னது தலைப்பகுதியை உள்ளே வைத்துப் பிடிப்பதால், கொலஸ்ட்ரால் திரும்பவும் வேண்டியதில்லை, இடையே நீரைத் தொடவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் இதைப் பாடமாக நடத்திய பின்னும், இந்தக் கைமாற்றின் நுட்பம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். இந்த இரண்டு புரதங்களுள் ஒன்று பழுதானால் அதுவே நடக்கிறது. லைசோசோமில் கொலஸ்ட்ரால் குவிந்து கிடக்க, செல்லின் ஏனைய பகுதிகள் அது இல்லாமல் வாடுகின்றன. செல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்யும் இடமாகிய எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டினால் செல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; ஆனால் சரக்கு அங்கே வந்து சேராததால், பற்றாக்குறை என்று எண்ணி மேலும் மேலும் உற்பத்தி செய்கிறது, மேலும் எல்.டி.எல்.லை உள்ளே இழுக்கிறது. இரண்டாவது செய்தியும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

நரம்புச் செல்களைப் படிப்படியாக அழிக்கும் இந்தக் குறைபாட்டுக்கு நீமன்-பிக் சி வகை நோய் என்று பெயர். இதைப் பற்றிப் பேசும்போது ஆரா பார்சேகியனைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அவர் மருத்துவர் அல்லர். ஆர்மீனியத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர். அவர் பயிற்றுவித்தது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, எதிரணியினரை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 1963-இல் இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி, அவர் பொறுப்பேற்ற 1964-இல் ஒன்பது ஆட்டங்களில் வென்றது. 1966-இலும் 1973-இலும் நாட்டின் முதன்மை அணியாக நின்றது. அப்படிப்பட்டவருக்கு 71 வயதாகும்போது, 1994-இல், மகன் வீட்டுப் பேரக்குழந்தைகள் நால்வரில் மூவருக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. அவர் முடங்கிவிடவில்லை. மகன், மருமகளோடு சேர்ந்து அந்த ஆண்டே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, விளையாட்டால் வந்த புகழையெல்லாம் நிதி திரட்டுவதற்கே செலவிட்டார். பந்தின் போக்கைப் பற்றி மட்டுமே கேட்டுப் பழகிய கூட்டங்களில் நின்று கொலஸ்ட்ராலின் போக்கைப் பற்றிப் பேசினார். மூன்றே ஆண்டுகளில், 1997-இல், என்.பி.சி.1 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் பேரன் இறந்தான். 2005-க்குள் பேத்திகள் இருவரும் போய்விட்டார்கள். அதன் பிறகும் அந்தக் குடும்பம் பணியை விடவில்லை. ஆரா 2017-இல் 94 வயதில் மறைந்தார்.

அன்று இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. மிக்லுஸ்டாட் என்னும் மருந்துக்கு ஐரோப்பா 2009-இல் இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. 2024-இல் அமெரிக்கா இரண்டு மருந்துகளுக்கு ஒப்புதல் அளித்தது. இவை நோயை அடியோடு நீக்குவதில்லை. நரம்புகளின் சீர்கேட்டைத் தாமதப்படுத்துவதே அவற்றின் பணி. இழந்த நரம்புச் செல் திரும்ப வராதாகையால், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு மிஞ்சும். சாமி வரம் கொடுத்தாயிற்று, பேராசிரியர் அவர்களே. இப்போது வழியை மறித்து நிற்பது நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதம்தான். நாள் கடந்தும் மாறாத மஞ்சள் காமாலையோடும் வீங்கிய மண்ணீரலோடும் இருக்கும் பச்சிளங்குழந்தையையும், கண்ணை மேலும் கீழும் விரைந்து அசைக்க இயலாமல் படியிறங்கும்போது தடுமாறும் பள்ளிப் பிள்ளையையும் பார்த்தவுடன் இந்த நோயின் பெயர் நம் நினைவுக்கு வர வேண்டும். கவனக்குறைவு என்று வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு உண்மையிலேயே கீழே பார்க்க முடியாமல் இருக்கலாம்.

சிக்கிக்கொண்ட கொலஸ்ட்ரால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஆக்ஸிஸ்டிராலாக மாறி இரத்தத்தில் கலக்கிறது; அதைச் சிறிதளவு இரத்தத்திலேயே அளந்துவிடலாம், பின்னர் மரபணுச் சோதனையால் உறுதி செய்யலாம். இந்த இரத்தச் சோதனை அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று கோரும் மனு ஒன்று மண்டபத்தின் பின்புற மேசையில் இருக்கிறது. நேரமின்மையால் நான் விட்டுவிட்ட மூன்றாவது செய்தியாகிய மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிக் கேட்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்கே வாருங்கள்; நான் அங்கேதான் இருப்பேன். பேராசிரியர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.