ஜெராக்ஸ் மெஷின்ல செட்டிங் சேமிச்சும் ஏன் மாறி வருது? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து வந்திருக்கு. வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க. "பத்திரம் காப்பி எடுக்க ஒவ்வொரு தடவையும் லீகல், ரெண்டு பக்கம், டார்க்னு எல்லாத்தையும் வைக்க வேண்டியிருக்கு. ரிக்கோ மெஷின்ல புரோகிராம்னு ஒண்ணுல சேமிச்சேன். மறுநாள் கூப்பிட்டா ஏ4ல வருது, அதுவும் அஞ்சு அஞ்சு காப்பியா வருது. ஏன்?"

நல்ல கேள்விங்க. மெஷின் மேல தப்பில்ல. நீங்க சேவ் குடுக்குற நேரத்துல திரையில என்னென்ன இருக்கோ, அத்தனையையும் அது அப்படியே எடுத்து வச்சுக்கும். உங்களுக்கு முன்னாடி நின்னவர் அஞ்சு காப்பின்னு அடிச்சுட்டுப் போயிருந்தா அந்த அஞ்சும் உள்ள போயிடும். அதனால முதல்ல ரீசெட் பட்டனை அழுத்துங்க. காப்பி எண்ணிக்கை ஒண்ணுக்கு வரணும். அப்புறம்தான் உங்க செட்டிங்.

இப்ப ஏ4 விஷயம். நீங்க "ட்ரே 2"ன்னு தேர்வு பண்ணி சேமிச்சிருப்பீங்க. புரோகிராமுக்கு ட்ரே நம்பர்தான் தெரியும். லீகல் தீர்ந்துபோய் யாராவது அங்க ஏ4 கட்டைப் போட்டு வச்சா, அதுலதான் அடிக்கும். இதுக்கு ஆட்டோ பேப்பர் செலக்ட்ல விட்டு, ஒரிஜினல் சைஸை மட்டும் லீகல்னு நீங்களே குறிச்சு, 100 சதவீதத்துல சேமிங்க. அந்த சைஸ் பேப்பர் எந்த ட்ரேயில இருந்தாலும் தேடி எடுக்கும். எதுலயும் இல்லன்னா திரையில சொல்லும். ஒரு நிபந்தனை: பேப்பர் மாத்துனவங்க ட்ரே சைஸையும் சரியா வச்சிருக்கணும். பைபாஸ்ல, அதாவது மெஷின் பக்கவாட்டுல திறக்குற தட்டுல, வைக்கிற பேப்பரை ஆட்டோ தேடாது, அதுக்குத் தனி புரோகிராம் போட்டுக்கங்க.

ஒரிஜினல் சைஸை ஏன் கையால குறிக்கச் சொல்றேன்னா, கண்ணாடி மேல லீகல் பேப்பரை வச்சா சில மெஷின் அதை ஃபுல்ஸ்கேப்னு எடுத்துக்கும். லீகல் 14 அங்குலம், ஃபுல்ஸ்கேப் 13. அந்த ஒரு அங்குலத்துலதான் சாட்சி கையெழுத்தும் சீலும் இருக்கும். கோர்ட்ல போய் நிக்கும்போதுதான் கண்ணுல படும்.

சேமிக்கிற வழி சுலபம். ரீசெட், செட்டிங் எல்லாம் வைக்கிறது, புரோகிராம், ஸ்டோர், காலியான ஒரு நம்பர், பேரு, ஓகே. ரிக்கோவுல நிறைய மாடல்ல 25 வரைக்கும் இடம் இருக்கு. கேனான்ல இதையே ஃபேவரிட்னு வச்சிருப்பாங்க, கியோசெராவுல புரோகிராம்தான். பேரு "லீகல் 2 சைடு"ன்னு வேலையைச் சொல்ற மாதிரி இருக்கட்டும். ஆள் பேரு வச்சா, அவர் லீவுல போனா யாருக்கும் புரியாது.

ரெண்டு பக்கம்னு வைக்கும்போது எந்தப் பக்கம் கட்டுறீங்கன்னு பாருங்க. இடது ஓரத்துல தைக்கிற பைல்னா டாப் டு டாப், ரெண்டு பக்கத்துக்கும் தலைப்பு ஒரே பக்கம் இருக்கும். மேல டேக் போட்டுத் தூக்கித் திருப்புற பைல்னா டாப் டு பாட்டம், பின்பக்கம் தலைகீழா அடிக்கும். இது ரெண்டும் ரெண்டு புரோகிராம்.

ஆதார் மாதிரி கார்டுக்கு ஒண்ணு: ஐடி கார்டு காப்பி, ஒரு பக்கம், ஏ4. பழுப்பேறின பழைய பத்திரத்துக்கு ஒண்ணு. புதுச்சேரி பக்கம் பிரெஞ்சு காலத்துப் பத்திரம் வரும் பாருங்க, அதுக்கு டார்க் வச்சா பேப்பரோட பழுப்பும் சேர்ந்து கருப்பாயிடும். ஒரிஜினல் டைப்பை டெக்ஸ்ட்ல வச்சு, டென்சிட்டியை, அதாவது கருப்போட அளவை, ஆட்டோவுல விடுங்க. எழுத்து ரொம்ப மங்கினா மட்டும் ஒரு படி கூட்டுங்க. இந்த மாதிரி பேப்பரை மேல ஃபீடர்ல விடாதீங்க, கிழிஞ்சா திரும்ப வராது.

"அப்ப டிஃபால்டையே லீகலா மாத்திடலாமே"ன்னு கேப்பீங்க. நாலு பேர் தொடுற மெஷின்ல வேண்டாம். ரீசெட் அழுத்தினா அங்கதான் திரும்பி வந்து நிக்கும், மத்தவங்க பேப்பர் வீணாகும்.

கரண்ட் போனாலும் சேமிச்சது அழியாது. ஆனா சர்வீஸ்ல மெமரியைக் கிளியர் பண்ணினாலோ, டிஸ்க் மாத்தினாலோ மொத்தமும் போயிடலாம். நம்பர், பேரு, உள்ள இருக்குற செட்டிங் மூணையும் ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.