சர்க்கரை நோய்: யாருக்கு, எந்த ஊரில்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வேலைநாள் மாலையில் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் மகளிர் குழுச் சகோதரிகள் உட்கார்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இன்று பேசப்போவதில் பாதிக்கு மேல் உங்களைப் பற்றியதுதான்.

சர்க்கரை நோய் என்றதும் நம் பேச்சு நேராக வாய்க்குப் போய்விடுகிறது. "அவர் வாயைக் கட்டவில்லை, வந்துவிட்டது" என்கிறோம். "எங்கள் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது" என்கிறோம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருபது வருடமாக நோயாளிகளைப் பார்த்து வரும் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், இன்னும் இரண்டு கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. அந்த ஆள் ஆணா, பெண்ணா? குடியிருப்பது எங்கே? நோய் வருமா, வந்தால் எப்போது கண்டுபிடிக்கப்படும், கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கும் என்பதையெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்து பெருமளவு தீர்மானிக்கின்றன.

முதலில் ஊரை எடுத்துக்கொள்வோம்.

1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல இடங்களில் கணக்கெடுத்தபோது நகரத்தில் 2.1 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 1.5 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அப்போது இது பணக்காரர் வியாதி. அப்புறம் 2008-இல் தொடங்கி 2020 வரை அதே கழகம் மாநிலம் மாநிலமாக ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 1,13,043 பேரைச் சோதித்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டின் மொத்த அளவு 11.4 சதவீதம், அதாவது சுமார் 10 கோடிப் பேர். நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று.

இந்த இடத்தில் பலரும் பெருமூச்சு விட்டு, "பார்த்தீர்களா, கிராமத்து வாழ்க்கையே வாழ்க்கை" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நோய் இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது என்ற நிலை ஒன்று உண்டு. நம் ஊரில் "பார்டர்ல இருக்கு" என்று சொல்கிறோமே, அதுதான். அந்த நிலையில் இருப்பவர்கள் நகரத்தில் 15.4 சதவீதம். கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. இன்றைய நோயாளிகள் நகரத்தில் அதிகம், சரி. நாளைய நோயாளிகள் இரண்டு இடத்திலும் சமமாகக் காத்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இதை நேராகப் பார்த்திருக்கிறார்கள். சென்னை, காஞ்சிபுரம், பண்ருட்டியை ஒட்டிய கிராமங்கள் என்று மூன்று வகை இடங்களை 2006-இல் ஆராய்ந்தார்கள். சென்னையில் 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் 9.2. பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது சென்னை 21.9, காஞ்சிபுரம் 20.3, அந்தக் கிராமங்கள் 13.4. சென்னையில் ஏறியது பழைய அளவில் ஆறில் ஒரு பங்கு. கிராமங்களில் ஏறியது ஏறத்தாழ பாதி. நகரம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, கிராமம் அதைவிட வேகமாகப் பின்னால் வருகிறது.

கிராமத்துக்குள் நகரம் எப்படி நுழைகிறது என்று கேட்டால், நீங்களே எனக்குச் சொல்வீர்கள். காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ் வந்து பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. வேலை ஷிப்ட் முறையில். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வேலை தூக்கத்தைக் குலைக்கிறது, சர்க்கரையையும் குலைக்கிறது. நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம். மீதி நிலம் மனை போட்டு விற்றாகிவிட்டது. டீக்கடை போக நடந்த கால் இப்போது வண்டியில் போகிறது. தட்டில் கேழ்வரகும் கம்பும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் தீட்டிய அரிசி. ரேஷன் அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன். அது பசியை ஒழித்தது, அதன் அருமை தெரிந்த தலைமுறை நான். ஆனால் அந்த அரிசிக்குத் துணையாகப் பருப்பும் காயும் முட்டையும் வாங்கப் பலருக்குக் கையில் காசில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணக்காரர் வியாதி என்ற பழைய எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். மேலே சொன்ன பெரிய ஆய்வின் 2017-ஆம் ஆண்டு அறிக்கையில் சண்டிகர் நகரத்துக் கணக்கு வந்தது. அங்கே வசதி குறைந்தவர்களில் 26.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. வசதி உள்ளவர்களில் 12.9. வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் நோய் ஏழைகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. மாத்திரை, சோதனை, கால் புண்ணுக்குக் கட்டு என்று செலவு செய்ய முடியாதவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி ஆண், பெண்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆண்களுக்குச் சற்று அதிகம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019 முதல் 2021 வரை, சர்க்கரை கூடுதலாக இருந்தவர்கள் அல்லது அதற்கு மருந்து சாப்பிடுபவர்கள் ஆண்களில் 15.6 சதவீதம், பெண்களில் 13.5. உலக அளவிலும் இப்படித்தான். ஆண்கள் ஒரு படி மேலே. இதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஆணுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலைச் சுற்றியும் சேர்கிறது. அங்கே சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் வரை இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. அங்கே அது அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அதனால் ஆணுக்கு எடை அவ்வளவாக ஏறாமலேயே நோய் வந்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆண்களுக்கு இதோடு பீடி சிகரெட்டும் சேர்கிறது. புகை சர்க்கரை நோய்க்கும் ஒரு காரணம்.

ஆனால் "ஆண்களுக்குத்தான் அதிகம்" என்று நிறுத்திவிட்டால் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். அதே குடும்ப நல ஆய்வில்தான் முதன்முதலாக வயிற்றுச் சுற்றளவு எடுத்தார்கள். ஆணுக்கு ஒரு வரம்பு, பெண்ணுக்கு ஒரு வரம்பு. அந்த வரம்பைத் தாண்டியவர்கள் ஆண்களில் 12 சதவீதம், பெண்களில் 40. பெண்களின் உடம்பு கொடுக்கும் பாதுகாப்பை அவர்களின் வாழ்க்கை பறித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

போதுமான உடலசைவு இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தியாவுக்குப் போட்ட கணக்கு: ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. இதைச் சொன்னதும் மேடைகளில் ஒரு வசனம் வரும். "அந்தக் காலத்தில் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், நோய் வரவில்லை, இப்போது மிக்சி வந்தது, சர்க்கரை வந்தது" என்று. தயவுசெய்து இதை யாரும் பேசாதீர்கள். அம்மியும் உரலும் பெண்களின் இடுப்பையும் முதுகையும் ஒடித்தன. மிக்சி வந்தது நல்லது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிக்சி மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் ஒரு பெண் நடந்து போக நம் ஊரில் இடம் எங்கே? நகரத்தில் பூங்கா இருக்கிறது, காலையில் நாலு பெண்கள் ஷூ போட்டு நடக்கிறார்கள். கிராமத்தில் நாற்பது வயதுப் பெண் சாயங்காலம் சும்மா ரோட்டில் நடந்தால் "எங்கே கிளம்பிட்டே?" என்று நாலு பேர் கேட்பார்கள். தெருவிளக்கு எரியாது. நடப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாழ்கிறாள்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க நீளமான வரிசை நிற்கும். கையில் மாத்திரை விவரம் எழுதும் நோட்டு. ஒரு நாள் ஒரு அம்மா நோட்டை நீட்டினார். பெயர் ஆண் பெயர். "அவருக்கு முட்டி வலி, நான்தான் மாத்திரை வாங்க வருவேன்" என்றார். மாதாமாதம் வருகிறார். "உங்களுக்குப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன டாக்டரம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம். முந்நூறைத் தாண்டியிருந்தது. அரிப்பு, அசதி, ராத்திரி நாலு தரம் எழுந்து போவது எல்லாம் இருந்திருக்கிறது. வயசானால் இப்படித்தான் என்று இருந்துவிட்டார். அந்த வரிசையில் கணவருக்காக, மாமியாருக்காக, அண்ணனுக்காக நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அவர் தனக்காக வருவதென்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு தரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். விடியும் முன் எழுந்து வீட்டு வேலையை முடித்து, பச்சைத் தண்ணீரோடு கிளம்ப வேண்டும். அவர் ஊர் பஸ் வருவதே ஒன்பது மணிக்கு. முதல் ரத்தம் கொடுக்கும்போது பத்து. அடுத்தது முடியும்போது மதியம். அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போயிற்று. நகரத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தெருமுனையில் ஆய்வுக்கூடம். பெண் என்பதாலும் கிராமம் என்பதாலும் வரும் தடைகள் இங்கே தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

தாமதத்துக்கு விலை அதிகம். 2014-இல் எட்டரை லட்சம் பேரின் தகவலைத் திரட்டிப் பார்த்ததில், சர்க்கரை நோயால் மாரடைப்பு முதலான இதய நோய் வரும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட 44 சதவீதம் கூடுதலாக ஏறுவது தெரிந்தது. சாதாரணமாகப் பெண்களுக்கு மாரடைப்பு தள்ளித்தான் வரும் என்போமே, சர்க்கரை வந்துவிட்டால் அந்தச் சலுகை பெருமளவு கரைந்துவிடுகிறது. இன்னொன்று, நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்திருந்தால், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் HbA1c சோதனை சில சமயம் உண்மையைவிட உயர்த்திக் காட்டும். எனவே அந்த ஒரு சீட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று மருத்துவ நண்பர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்களை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது, பெரிய காரியம். ஆனால் தன்னார்வலர் பகலில் வருகிறார். லாரி ஓட்டுபவர், கட்டட வேலைக்காரர், கம்பெனிப் பையன் யாரும் அப்போது வீட்டில் இல்லை. மருத்துவமனையும் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கிறது. முப்பத்தைந்து வயது ஆண் எங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் கால் புண்ணோடுதான். 2020-இல் மாநிலத்தில் எடுத்த கணக்கெடுப்பின்படி, சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாலை நேர மருத்துவம், சந்தையிலும் லாரி செட்டிலும் சோதனை என்பவை ஆண்களுக்கு அவசரமாகத் தேவை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். கர்ப்பகாலச் சர்க்கரை.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கும். தாங்க முடியாத உடம்பில் சர்க்கரை ஏறும். டாக்டர் வீ. சேஷையாவும் அவர் குழுவினரும் நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது நகரத்தில் 17.8, சிற்றூர்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ஊர் மாற மாற எண் எப்படி இறங்குகிறது பாருங்கள். ஆனால் கிராமத்திலும் பத்தில் ஒருவர் என்பது சின்ன எண் இல்லை. அவர்களின் உழைப்பால்தான் 2007-இல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சோதனை என்று தமிழ்நாடு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தச் சோதனை, வெறும் வயிறு கட்டாயமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து வரும் பெண்ணை மனத்தில் வைத்து வகுத்த முறை இது. நான் மதிக்கும் மருத்துவம் இதுதான்.

குழந்தை பிறந்ததும் அம்மாவுக்குச் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அவளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல். பிரசவம் முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். வருகிறவர்கள் குறைவு. கைக்குழந்தையோடு, தாய்வீட்டில் இருந்து, தனக்காக மட்டும் யார் கிளம்பி வருவார்கள்?

ஆனால் குழந்தைக்காக அவள் தவறாமல் வருகிறாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்து நிற்கிறாள். ஒன்பதாவது மாதம் தட்டம்மை ஊசிக்கும் வருகிறாள். என் வேண்டுகோள் இவ்வளவுதான். பத்தாவது வார ஊசியன்றே அந்த அம்மாவுக்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சோதித்துவிடுவோம். தாய் சேய் நல அட்டையில் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது என்ற வரிக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுவோம். பிறகு வருடம் ஒரு முறை. குழுச் சகோதரிகளே, உங்கள் தெருவில் போன வருடம் பிரசவமான பெண்களின் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். அந்த வரி இருந்தால் வரும் புதன்கிழமை அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் நான் பேசி வைக்கிறேன்.

வணக்கம்.