3 ஜிபி காலியா இருந்தும் "இடம் போதாது"ன்னு வருதா? காரணம் இதுதான்!

[திரையில்: இன்ஸ்டாலரின் பிழைச் செய்தி]

விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். டிரைவ்ல 3 ஜிபி காலி. 90கள்ல வந்த கேம் கேக்குறது வெறும் 40 எம்பி. ஆனாலும் "இடம் போதாது"ங்குது. இதே டிரைவ்ல 5 ஜிபி காலியா இருந்தா சத்தமில்லாம ஏறிடும். 7 ஜிபி ஆக்குனா மறுபடியும் இடம் போதாது!

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். ஃபேட்16, ஃபேட்32, என்டிஎஃப்எஸ் மூணும் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறைங்க. மைக்ரோசாஃப்டோட பழைய சிஸ்டமான டாஸ் 6.22க்கு ஃபேட்16 தான் தெரியும், ஒரு பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்க்கோட ஒரு பிரிவுக்கு, 2 ஜிபி உச்சம். ஃபேட்32 வந்தது 1996ல, விண்டோஸ் 95ஓட திருத்தின பதிப்பான ஓஎஸ்ஆர்2ல. விண்டோஸ் 98 என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்காது. விண்டோஸ் என்டி 4 ஃபேட்32ஐப் படிக்காது. எக்ஸ்பி மூணையும் படிக்கும்.

அப்போ எக்ஸ்பில ஏன் தகராறு? டிஸ்க் மேல தப்பே இல்லைங்க, கணக்கு மேலதான். அந்தக் கால இன்ஸ்டாலர் நிறைய, காலி இடத்தை 32 பிட் எண்ணுல வைக்கும். அதுல முதல் பிட் கூட்டலா கழித்தலான்னு காட்டுற குறி. அதனால உச்சம் 2,147,483,647 பைட். அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. 3 ஜிபி வந்தா அந்தக் குறி பிட் ஏறிடும், இன்ஸ்டாலர் கண்ணுக்கு மைனஸ் 1 ஜிபி! மைனஸ் இடத்துல 40 எம்பியை எங்க வைக்கிறது? 5 ஜிபியில 4 ஜிபி அந்த எண்ணுக்குள்ள அடங்காம உதிர்ந்துடும், மிச்சம் 1 ஜிபி. அதான் ஏறுது. 7ல 4 போனா 3, பழைய கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பிழை இது!

சரி பண்ண, செட்டப் ஃபைல்ல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, விண்டோஸ் 95. அப்புறம் காலி இடம் எவ்வளவு இருந்தாலும் எக்ஸ்பி இன்ஸ்டாலருக்கு 2 ஜிபிக்கு மேல காட்டாது. அதுலயும் அடம்பிடிச்சா, பெரிய வீடியோ ஃபைல் ஒண்ணை அந்த டிரைவ்ல காப்பி பண்ணி, காலி இடத்தை 2 ஜிபிக்குக் கீழ கொண்டுவாங்க. இன்ஸ்டால் முடிஞ்சதும் அழிச்சிடலாம்.

டாஸ் ஆளுங்களுக்கு ஒண்ணு. புது கம்ப்யூட்டர்ல ஃபேட்16 போட்டுக் கொண்டுவந்த மெமரி கார்டை டாஸ் 6.22 கண்டுக்கவே இல்லையா? பார்ட்டிஷன் குறியீட்டைப் பாருங்க. புது டூல் எல்பிஏ (டிஸ்க்ல இடத்தை வரிசை எண்ணால சொல்ற முறை) வகைக் குறியீடு போட்டிருக்கும், டாஸ் 6.22க்கு அது புரியாது. தொல்லையே வேணாம்னா டாஸோட எஃப்டிஸ்க்லயே பார்ட்டிஷன் போட்டு, ரீபூட் பண்ணிட்டு ஃபார்மட் பண்ணுங்க.

உங்க மெஷின்ல எத்தனை ஜிபி காலியா இருக்கும்போது இந்தச் செய்தி வந்துச்சு? கமெண்ட்ல போடுங்க, கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.