கல்லின் குழியில் வைத்த காசு

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளைநோய்க் காலத்தில் மனிதர்களை அடைத்து வைப்பது நியாயமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஈம் என்றொரு கிராமம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு பிளேக் அங்கே நுழைந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு, பாதிரியார் வில்லியம் மாம்பெசன் கேட்டுக்கொண்டபடி, ஊர்மக்கள் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே இருந்துவிட்டார்கள். ஏறத்தாழ 260 பேர் இறந்தார்கள். பாதிரியாரின் மனைவியும் அவர்களில் ஒருவர். ஊரெல்லையில் கிடக்கும் கல்லில் இன்றும் சிறு குழிகள் தெரிகின்றன. அன்று ஊர்மக்கள், காசு வழியே நோய் தொற்றாதிருக்க, அவற்றில் வினிகரை ஊற்றிக் காசுகளைப் போட்டு வைப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவார்கள்.

உள்ளே இருந்தவர்களின் தியாகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நாள் தவறாமல் அந்தக் கல்வரை நடந்து வந்தவர்களும் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அவர்கள் வராமல் போயிருந்தால் ஊர் பட்டினியில் செத்திருக்கும், அல்லது எல்லையை உடைத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

தமிழில் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டு காரியங்களுக்குப் புழங்குகிறோம். நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது ஒன்று. அதில் பெரிய வழக்கில்லை. தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தில், நன்றாக நடமாடுகிறவரை அடைப்பது மற்றொன்று. அவர்களில் பலருக்கு நோய் வரவே போவதில்லை. யாரோ ஒரு முன்பின் தெரியாதவருக்காக அவர் வேலையையும் கூலியையும் இழக்கிறார். அவரைக் குற்றவாளிபோல் பார்க்க நமக்கு என்ன உரிமை? நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

முதலில், அடைப்பதால் பயன் உண்டா என்று பார்க்க வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற மூச்சு நோய் பரவியபோது தடுப்பூசி கிடையாது. ஆனால் அறிகுறி தெரிந்த பிறகே அது பெரும்பாலும் பரவியது. அதனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்து, சில மாதங்களில் அடக்கிவிட முடிந்தது. இன்ஃபுளுவென்சா அப்படியல்ல. காய்ச்சல் தெரிவதற்கு முன்பே அடுத்தவருக்குத் தாவிவிடும். வீட்டைப் பூட்டுவதற்குள் அது தெருக்கோடியில் இருக்கும். நாள் கணக்கும் அப்படித்தான். 1377இல் ரகூசா துறைமுகம் (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்), பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றது, பிறகு அது 40 நாளாக வளர்ந்தது. குவாரண்டைன் என்ற சொல்லே இத்தாலிய 'நாற்பதி'லிருந்து வந்தது. இன்று நோயின் மறைகாலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை ஆகும் காலம், நமக்குத் தெரியும். எபோலாவுக்கு அதிகபட்சம் 21 நாள். அதற்கு மேல் ஒரு நாள் வைத்தாலும் அநியாயம்.

அடுத்தது, யாரை அடைக்கிறோம் என்பது. 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக்கைக் காரணம் காட்டி சீனர் குடியிருப்பைச் சுற்றிக் கட்டுக்காவல் போட்டார்கள். எல்லைக்கோடு வெள்ளையர் கடைகளை மட்டும் விட்டுவிட்டு வளைந்து போயிற்று. கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கிருமி தோலைப் பார்ப்பதில்லை; கோடு போட்டவர்கள் பார்த்தார்கள்.

2014 ஆகஸ்டில் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், வெஸ்ட் பாயிண்ட் என்ற நெரிசலான குடிசைப் பகுதியை எபோலாவுக்காக ஒரே இரவில் முள்கம்பியால் அடைத்தார்கள். உணவு விலை ஏறியது. மக்கள் கம்பியை முட்டினார்கள், துப்பாக்கி வெடித்தது, ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஏறத்தாழ பத்து நாளில் அரசே அதை விலக்கிக்கொண்டது. அங்கே காவல் இருந்தது, முள்கம்பி இருந்தது; ஈமின் கல்லைப் போல ஒன்று இல்லை.

ஆகவே என் பதில்: நியாயம்தான், வெளியே இருப்பவர்கள் தங்கள் பங்கைச் செய்யும்வரை. அதிகாரி ஒருவர் கதவில் ஒட்டும் தாளில் 'வெளியே வராதே' என்பது ஒரு வரி போதும். மீதி இடத்தில், எந்தத் தேதியில் கதவு திறக்கும், அதுவரை கூலியை யார் தருவார், அரிசியும் மருந்தும் எத்தனை மணிக்கு வரும், முறையீட்டை யாரிடம் சொல்ல வேண்டும் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.